நினைவுத்தூபியும் நினைவின் நீதியும்

இறந்தோரை நினைவுகூரும் உரிமைக்காக இடைவிடாது போராடி வந்த நகரம் யாழ்ப்பாணம். 1974 ஜனவரி 10 ஆம் திகதி, நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் நிகழ்வில் பொலிஸார் புகுந்து தாக்கியபோது, அறுந்து வீழ்ந்த மின்கம்பியில் சிக்கிப் பொதுமக்கள் பலியாகினர். வீரசிங்கம் மண்டபத்தை அண்டிய பகுதியில் அவர்களுக்கென எழுந்த நினைவுச்சின்னத்தின் முன் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தப்பட்டு வருகின்றது.

2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு, யாழ். பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்தழிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதத்தில் குதித்தனர். 11 ஆம் திகதி வடக்குக் கிழக்கெங்கும் ஹர்த்தால் அனுஷ்டிக்கப்பட்டது. அன்றே புதிய அடிக்கல் நாட்டப்பட்டு, ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. கல்லை உடைத்து நினைவை அழிக்க முடியாது என்பதை ஆட்சியாளர்களுக்கு உணர்த்திய நிகழ்வு அது.

அதே காலப்பகுதியில் முஸ்லிம் மக்கள் வேறொரு வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். கொவிட் தொற்றால் மரணித்தோரின் ஜனாஸாக்கள், உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்ய அனுமதித்திருந்தபோதிலும், கட்டாயமாக எரிக்கப்பட்டன. அந்த ஆண்டு பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழரின் கோரிக்கைகளோடு இந்த அநீதிக்கு எதிரான குரலும் ஒலித்தது. பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்வதற்கு வர்த்தமானி மூலம் அனுமதி கிடைத்தது. தம் இறந்தவர்களுக்குரிய கடமையைச் செய்ய விடாது தடுக்கப்படுவதன் வலியை இரு சமூகங்களும் ஒரே வேளையில் உணர்ந்த தருணம் அது.

அந்த உணர்வு நிலைக்க வேண்டுமாயின், யாழ்ப்பாணம் தனது நினைவின் எல்லையை விரிவாக்கியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் வடக்கு முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ். நகரின் சோனகத் தெருவிலும் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்தோருக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம் மாத்திரமே. பணமும் நகையும் பறிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு அவர்கள் வெறுங்கையுடன் சென்றனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இவ்வாறு அகதிகளாயினர். பெரும்பாலானோருக்குப் புத்தளமே புகலிடமாயிற்று. 2002 இல் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் தலைமை இதற்கு வருத்தம் தெரிவித்தது. ஆயினும் வருத்தம் வார்த்தைகளோடு நின்றுவிட்டது. யாழ். நகரின் பொது நினைவுவெளியில் இத்துயரத்துக்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இதனை நினைவுகூர்வது முள்ளிவாய்க்காலின் கனதியைக் குறைத்துவிடும் என்றும், பேரினவாதிகளின் கைக்கு ஆயுதமாகிவிடும் என்றும் சிலர் அஞ்சுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. மௌனம் காக்கப்படும்வரையே அத்துயரம் பிறருக்குக் கருவியாகப் பயன்படும். அதைத் தமிழ் மக்களே முன்வந்து ஏற்றுக்கொள்ளும்போது, பிரித்தாளும் அரசியலின் பிடி தளர்ந்துவிடும். ஓர் அநீதி மற்றோர் அநீதிக்கு ஈடுமல்ல, பதிலுமல்ல. 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டதற்காகத் தமிழரும், அதே மாதத்தில் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டதற்காக முஸ்லிம்களும் கண்ணீர் சிந்தும் நிலை உருவாகவேண்டும். நினைவுகூரும் கடப்பாடு இரு தரப்புக்கும் பொதுவானது.

எனவே, சோனகத் தெருப் பகுதியில் வெளியேற்றத்தை நினைவுகூரும் ஒரு பொதுச் சின்னத்தை அமைக்க யாழ். மாநகர சபை முன்வர வேண்டும். அதில் பொறிக்கப்படும் வாசகத்தை வெளியேற்றப்பட்டோரே தீர்மானிக்க வேண்டும். யார் வெளியேற்றினர் என்பது மறைக்கப்படலாகாது. ஒக்டோபர் 30 இல் தமிழ்ப் பிரதிநிதிகளும் பல்கலைக்கழக மாணவர்களும் அங்கு சமுகமளிக்க வேண்டும்.

கல் மட்டும் போதாது என்பதும் உண்மையே. மீளத் திரும்பிய குடும்பங்களின் காணி, வீட்டுப் பிரச்சினைகள் தீர்க்கப்படாமல் எழுப்பப்படும் சின்னம் வெறும் சடங்காகவே எஞ்சும். எனினும், தம் தூபி இடிக்கப்பட்டபோது உலகின் மனச்சாட்சியை நோக்கிக் குரலெழுப்பிய மக்கள், அயலவரின் துயரத்துக்கும் தமது நகரில் இடமளிப்பார்களாயின், அக்குரலின் தார்மீக வலிமை பன்மடங்காகும்.