பெண்ணையாற்று வெள்ளமும் முன்னறிவிப்பும்

2024 டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில், பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையினின்றும் விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணையில் பெருகி வந்த அவ்வெள்ளத்தால் கடலூர் ஜனங்கள் பட்ட துயரம் சாமானியமன்று. எச்சரித்தோம் என்றது சர்க்கார். போதவில்லை என்றனர் எதிர்க்கட்சியார். இவ்வாதத்தில் முக்கியமான விஷயம் மறைந்துபோயிற்று.

அணையில் திறந்த அளவைச் சொல்வது மட்டும் எச்சரிக்கையாகாது. வெள்ளத்தின் உச்சம் அலைபோல் நகருவது. கரைபுரண்டு பரவினால் தணியும், துணைநதி சேர்ந்தால் ஓங்கும், முகத்துவாரத்தில் கடல் பொங்கினால் தேங்கும். கணந்தோறும் மாறும் இப்பிரவாகத்தைக் கணிக்கும் சமன்பாடுகளைப் பிரெஞ்சு அறிஞர் ஸேன் வெனான் 1871-லேயே வகுத்தளித்தார். எந்தக் கிராமத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்பதே குடியானவன் அறியவேண்டுவது. அக்கணக்கை ஊர்தோறும் தமிழில் முன்கூட்டி அறிவிப்பது சர்க்காரின் கடமையென வற்புறுத்துகிறோம்.