மார்பகப் புற்றுநோய்: கண்டறியும் திறன் யாருக்காக?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,92,020 பெண்கள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாயினர். அதே ஆண்டில் அந்நோயால் 98,337 பேர் மாண்டனர். இரண்டு புதிய நோயாளிகளுக்கு ஒரு மரணம் என்பதே இதன் பொருள். தொடக்க நிலையில் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. இத்தனை உயிர்களைப் பறிப்பது நோய் மட்டுமல்ல, தாமதமும்தான்.

30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்று ஒன்றிய அரசு 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனைக்கு உட்பட்டோர் 0.9 சதவீதம் மட்டுமே. முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டில்கூட இது 5.6 சதவீதம்தான். ஆண்டுதோறும் அக்டோபரில் கட்டடங்களை இளஞ்சிவப்பு விளக்குகளால் ஒளிரச் செய்வதால் இந்த இருள் நீங்கிவிடாது.

பரிசோதனையில் கட்டி தென்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதே அடுத்த கேள்வி. இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைக் காட்டிலும் இளம் வயதிலேயே தாக்குகிறது. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. மேமோகிராம் படத்தில் திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை. அதை வேறுபடுத்திக் காணவும், அல்ட்ராசவுண்ட் துணையோடு சரியான இடத்தில் ஊசி செலுத்தித் திசு எடுக்கவும் தனித் தேர்ச்சி வேண்டும். பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் இருவர் படிக்கின்றனர். படிப்பவர் ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பெண்களின் படங்களைப் பார்த்திருக்க வேண்டும். இயந்திரத்தை வாங்கிவிடலாம், அனுபவத்தை விலைக்கு வாங்க முடியாது.

நம் நாட்டிலும் கதிரியல் முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கு, மார்பகப் படிமவியலில் ஃபெல்லோஷிப் பயிற்சியைத் தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் வழங்குகிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் இடங்கள் சொற்பம். பயிற்சி முடித்தவருக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் அதற்கான பணியிடம் இல்லையெனில், அவர் செல்லும் இடம் மாநகரத் தனியார் மருத்துவமனைதான். சமூகச் செலவில் வளர்ந்த அறிவு, 'முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு' என்ற பெயரில் விற்பனைச் சரக்காகிறது. கட்டியோடு வரும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணோ, நகரத்துக்குச் சென்றுவரும் செலவையும் இழக்கும் கூலியையும் கணக்கிட்டு வீடு திரும்புகிறாள்.

நிபுணர்கள் மட்டுமே இந்நோயை வென்றுவிட முடியாது. மும்பையின் எளிய குடியிருப்புகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 50 வயதைக் கடந்தோரிடையே மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததை 2021இல் வெளியான முடிவுகள் காட்டின. அதற்கும் குறைந்த வயதினரிடம் அத்தகைய பலன் தென்படவில்லை. ஆக, ஊழியரின் கையும் வேண்டும். நிபுணரின் கண்ணும் வேண்டும். ஆனால் கிராமத்தில் முதல் விவரம் சேகரிக்கும் ஆஷா ஊழியர் இன்றும் 'தன்னார்வலர்'தான். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்குமாறு 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தும் ஒன்றிய அரசு அசையவில்லை.

கோல் மார்க்கெட்டுக்கு அருகில் உள்ள லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி, பெண் மருத்துவர்களை உருவாக்க 1916இல் திறக்கப்பட்டது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். தேவை எங்கிருந்ததோ அங்கே நிறுவனங்கள் எழுந்தன. இன்றைய ஆட்சியோ, மாவட்ட மருத்துவமனைகளையே தனியாரோடு இணைக்க வழி தேடுகிறது. 2025க்குள் பொதுச் சுகாதாரத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்ற 2017ஆம் ஆண்டுக் கொள்கையின் உறுதிமொழி காற்றில் விடப்பட்டுள்ளது.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் மார்பகப் படிமவியல் பயிற்சி இடங்கள் பெருக்கப்பட வேண்டும். மாவட்டந்தோறும் நிரந்தரப் பணியிடங்கள், பெண் தொழில்நுட்பர்கள், கட்டணமில்லாப் பரிசோதனை, ஆஷா ஊழியர்களுக்குத் தொழிலாளர் தகுதி ஆகியவை உறுதி செய்யப்பட வேண்டும். மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளை ஒன்றாக எழுப்ப வேண்டிய தருணம் இது. கட்டியைக் கண்டறிந்த பெண் சிகிச்சையின்றித் திரும்புவது விதியல்ல, அரசின் கொள்கை. கொள்கையைப் போராட்டத்தால் மாற்ற முடியும்.