தூய்மை என்னும் பெயரால்

வாகனப் பட்டறையொன்றின் வாயிலில் சற்று நின்று பாருங்கள். வண்டியின் அடியிலிருந்து கறுத்த எண்ணெய் தகரத் தொட்டியில் இறங்குகிறது. ‘கழிவு’ என்று சொல்லி அதனைக் கொண்டு போகிறார்கள். எங்கே என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அது வெறுங் கழிவன்று என்பதே என் முதல் வாதம். இயந்திரத்தில் ஓடிய மசகு எண்ணெய் தேய்ந்து அழிவதில்லை, அழுக்கடைகிறது. கரித்துகளும் நீரும் எரிபொருளும் உலோகத் துகளும் அதில் கலந்துவிடுகின்றன. அவற்றை நீக்கினால் எண்ணெய் மீண்டும் பயன்படும். 42 காலன் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மசகு எண்ணெயின் அளவை, ஒரே காலன் பழைய எண்ணெயிலிருந்து பெறலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். அந்த ஒரு காலன் பத்து இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்பதும் அதே நிறுவனத்தின் எச்சரிக்கை. “ஒரு வாளிதானே, வடிகாலில் ஊற்றினால் என்ன?” என்பார்க்கு இதுவே விடை.

“அதற்குத்தான் இரசாயன முறை இருக்கிறதே!” என்பார் வேறு சிலர். அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

அமிலமும் களிமண்ணும் கொண்டு தூய்மை செய்யும் பழைய முறையைப் பாருங்கள். எண்ணெயைச் சூடேற்றி நீரை அகற்றுவர். பின்னர் அடர் கந்தக அமிலம் சேர்ப்பர். அமிலம் அழுக்கைப் பற்றிக்கொண்டு கரிய கசடாக அடியில் தங்கும். மேல் நிற்கும் எண்ணெயில் களிமண் கலந்து, நிறத்தையும் நாற்றத்தையும் போக்கி வடிகட்டுவர். எண்ணெய் தெளிந்து நிற்கும், கண்டோர் வியப்பர். ஆனால், அமிலமும் உலோகமும் செறிந்த அந்தக் கசடு எங்கே? எண்ணெய் தோய்ந்த களிமண் எங்கே? தன் வீட்டைப் பெருக்கி அயலான் முற்றத்தில் குப்பையைக் கொட்டுவது தூய்மையாகுமா?

வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரிக்கும் முறை இன்று உண்டு. அதில் அமிலக் கசடுக்கு இடமில்லை. “முதலீடு மிகுதி” என்பர். உண்மைதான். ஆயினும் கசடை முறையாக அழிக்கும் செலவைக் கணக்கில் சேர்க்காதவரையில்தான் அமில முறை மலிவு. அந்தச் செலவை ஆலை முதலாளி தராவிட்டால், ஆற்றங்கரைக் குடும்பம் தந்தாக வேண்டும்.

அந்த விலையை நம் பிள்ளைகள் ஒருமுறை கொடுத்துவிட்டனர். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு களவாகக் கொட்டப்பட்டது. நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது அமிலக் கசடன்று என்று வாதிடலாம். கொட்டிய மனம் ஒன்றுதானே!

சட்டம் இல்லாமலில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த விதிகள், பழைய மசகு எண்ணெயை அட்டவணைக் கழிவுகளுள் சேர்த்துள்ளன. கணக்கு வைத்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் கேள்வி கேட்பார் இல்லாத ஊரில் சட்டம் ஏட்டிலே உறங்கும்.

“தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்கலாம். தூய்மை, நேர்மை என்னும் சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் யார்? சொல்லுக்குப் பொருள் சொல்பவனே, அச்சொல் பொய்யாக வழங்கும்போது முதலில் சினங்கொள்ள வேண்டும். கசடை மறைத்துவிட்டு ‘மறுசுழற்சி’ என்று பெயர் சூட்டுவது, எண்ணெய்க்கு மட்டுமன்று, மொழிக்கும் இழைக்கும் குற்றம்.

மாணவ மணிகளே! அடுத்த முறை தந்தையாரோடு பட்டறைக்குச் செல்லும்போது பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இந்த எண்ணெய் எங்கே போகிறது?” விடை வந்தால், அடுத்ததையும் கேளுங்கள்: “அதன் கசடு எங்கே போகிறது?” இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைக்கும் நாளில்தான் தூய்மை என்ற சொல் தன் பொருளைப் பெறும்.