புன்னகைக்கு அரம் வேண்டுமா?

காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம் என்னும் உட்பகை ஆறினையும் நாம் சமய பாடத்திற் படித்திருக்கின்றோம். இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவில் வாழும் இந்துக்களும் இவ்வாறினையும் நன்கறிவர். பருவமெய்திய ஆணுக்கும் பெண்ணுக்கும் மேல்வரிசை முன்பற்கள் ஆறினை அரத்தால் அராவிச் சமன்செய்வது அவர்களிடையே வழிவழி வந்த சடங்கு. அதனால் அப்பகைகள் ஆறும் அடங்கும் என்பது அவர்தம் நம்பிக்கை.

முறுவலிக்கும்போது முதலில் தோன்றும் அதே பற்களையே இன்று பலர் அழகை வேண்டிப் பல் வைத்தியரிடம் காட்டுகின்றனர். கூரிய வேட்டைப்பல்லை மழுக்கவும், ஏறியிறங்கிய நுனிகளை நேராக்கவும், சிரிக்கையிற் பெரிதாய்த் தெரியும் முரசைக் குறைக்கவும் விரும்புவோர் நம்மிடையும் உளர். அவ்விருப்பத்தை நாம் பழிக்கவில்லை. சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மறைக்கும் பெண்பிள்ளையின் மனத்துயர் சிறிதன்று. ஆயினும், அரத்தை ஏற்குமுன் அறியவேண்டியவை சில உள.

பல்லின் மேலுறையாகிய மிளிரி, நம் உடலிலுள்ள பொருள்களுள் மிக வன்மையானது. நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு கனிப்பொருளாலானது. எனினும் அதன் தடிப்பு, மிகுந்த இடத்திலும், இரண்டரை மில்லிமீற்றர் அளவே. முறிந்த எலும்பு பொருந்தும்; வெட்டிய நகம் வளரும்; மிளிரியோ மீண்டும் வளராது. அதனை ஆக்கிய கலங்கள், பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே கைதேர்ந்த வைத்தியர் ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னத்தையே அராவுவார். அளவு மிஞ்சினால் உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பன்முதல் தோன்றும். குளிர்நீர் பட்டதும் பல் கூசும்.

குறைக்காமலே திருத்தவும் வழியுண்டு. 1930ஆம் ஆண்டுகளில் ஹொலிவூட்டிற் சார்ள்ஸ் பின்கஸ் என்னும் பல் வைத்தியர், நடிகர்களின் பற்கள்மேல் மெல்லிய உறைகளைப் பசைத்தூளால் ஒட்டிவந்தார். படப்பிடிப்பு முடிந்ததும் உறை கழற்றப்படும். திரையில் உலகம் கண்டு மயங்கிய சிரிப்பு, மாலையிற் பெட்டிக்குட் சென்றுவிடும்! பின்னர், 1955இல், மைக்கல் புவொனோகோர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பொசுபோரிக்கமிலத்தால் மிளிரியை நுண்ணிதாக அரித்தாற் பிசின் அதில் உறுதியாகப் பற்றும் எனக் காட்டினார். நுனியுடைந்த பல்லையும், பல்லிடை வெளியையும், பெரும்பாலும் அராவாமலே, பல்நிறப் பிசினாற் சீர்செய்யும் முறை அதன் வழியே வளர்ந்தது. பீங்கான் உறை ஒட்டுவதற்கோ பெரும்பாலும் மிளிரியைச் சற்றுச் சீவவேண்டியிருக்கும். சீவிய பல்லுக்கு வாழ்நாள் முழுதும் உறை வேண்டும். அது பழுதாகுந்தோறும் மாற்றவும் வேண்டும்.

முரசைக் குறைப்பதிலும் இதே நிதானம் வேண்டும். ஊத்தை படிந்து வீங்கிய முரசு, பல்லைச் சுத்தஞ்செய்தாலே பெரிதும் வற்றும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிற்றொயின் போன்ற மருந்துகளாலும் முரசு தடிப்பதுண்டு; அவற்றை வைத்தியரைக் கேளாது நிறுத்தலாகாது. மேலுதடு குட்டையாயிருந்தாலோ, மேற்றாடை எலும்பு நீண்டிருந்தாலோ, முரசை மட்டும் வெட்டிக் குறை தீராது. பதின்ம வயதிற் பல் குட்டையாய்த் தெரிந்தாலும், வளர வளர முரசு தானே விலகிப் பல் நீண்டு தோன்றக்கூடும், மாணவர் அவசரப்படலாகாது. அளவுக்குமேல் வெட்டிய முரசிற் பல்வேர் வெளித்தோன்றும். நீங்காத அழற்சியும் உண்டாகும்.

ஆதலாற் பெற்றோரும் பிள்ளைகளும் வைத்தியரிடம் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. இக்குறைக்குக் காரணம் யாது? எதனையும் வெட்டாமற் திருத்தலாகுமா? வெட்டினால், பின்னர் என்றேனும் பழைய நிலையை மீட்கலாகுமா? நல்ல வைத்தியர் இவ்வினாக்களாற் சினங்கொள்ளார்.

வாயை மறைக்கும் அக்கை தாழ்வதற்கு அரமே வேண்டுமென்பதில்லை. பல வேளைகளில் ஊத்தை நீக்கலும், சிறிது பிசினும் போதும்.