முந்நூறு ரூபாயும் 24ஆவது பிரிவும்

மாற்றுத்திறனாளிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை அரசுகள் வகுத்தாக வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 24ஆவது பிரிவு. அத்திட்டங்களில் வழங்கப்படும் தொகை, பிறருக்கான ஒத்த திட்டங்களில் வழங்கப்படுவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் அப்பிரிவு வரையறுக்கிறது. ஒன்றிய அரசின் ஓய்வூதியமே இந்த வரையறைக்குப் பொருந்தவில்லை.

தேசிய சமூக உதவித் திட்டத்தின்கீழ், 18 முதல் 79 வயது வரையிலான மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். அதே திட்டத்தில் கைம்பெண்களுக்கும் 300 ரூபாய்தான். 80 வயதிற்குப் பின் முதியோர், மாற்றுத்திறனாளி என எவருக்கும் ஒரே 500 ரூபாய். சட்டப்படி இவை 375, 625 என இருந்திருக்க வேண்டும். கைம்பெண்களுக்கான தொகையே சொற்பம். அதனுடன் ஒப்பிட்டும் சட்டம் கோரும் குறைந்தபட்ச உயர்வு தரப்படவில்லை. 2012இல் நிர்ணயித்த 300 ரூபாய், 2016இல் புதிய சட்டம் வந்த பின்னும் அப்படியே நீடித்தது.

24ஆவது பிரிவில் 'பொருளாதாரத் திறனின் எல்லைக்குள்' என்ற சொற்றொடர் இருப்பதை அரசுத் தரப்பு சுட்டக்கூடும். ஆனால் 25 விழுக்காடு என்பது ஓர் ஒப்பீட்டு விதி. பிறருக்கு ஒரு தொகையை வழங்கும் திறன் தனக்கு உண்டு என்று அரசே முடிவுசெய்த பிறகு, இந்த விகிதத்தை மறுக்க அச்சொற்றொடர் துணைநிற்காது. விகிதம் நடைமுறைக்கு ஒவ்வாததும் அன்று: தமிழ்நாட்டில் 2023இல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாகவும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியம் 1,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. சரியாக 25 விழுக்காடு.

தொகை ஒருபுறமிருக்க, தகுதி வரம்பு மற்றொரு தடை. 40 விழுக்காடு பாதிப்பையே சட்டம் அடிப்படை அளவாகக் கொள்கிறது. ஒன்றிய ஓய்வூதியமோ 80 விழுக்காடு பாதிப்பையும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இடத்தையும் ஒருசேரக் கேட்கிறது. நிலமற்ற கூலிக் குடும்பத்தில் 60 விழுக்காடு பாதிப்புள்ளவர் வேலையை இழக்கிறார். அவரைப் பராமரிப்பவரும் கூலியை இழக்கிறார். இருவருக்கும் இத்திட்டத்தில் இடமில்லை.

இச்சுமை எல்லாச் சாதியினர்மீதும் சமமாக விழுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு. சாதி திணித்த ஆபத்தான தொழில்களும் வன்கொடுமைகளும் தலித் உடல்களை நேரடியாக ஊனப்படுத்துகின்றன. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் இதை அறிந்தே, பாதிப்பின் அளவிற்கேற்ப நிவாரணம் வகுத்துள்ளன. முழுமையான செயலிழப்புக்கு 8.25 லட்சம் ரூபாய். கழிவுநீர்ப் பணியில் நிரந்தர ஊனமுற்று வாழ்வாதாரம் இழப்போருக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீடு, இழைக்கப்பட்ட தீங்கிற்கானது. ஓய்வூதியம், அன்றாட வாழ்விற்கானது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க இடமளிக்கலாகாது.

எனவே களத்தில் செய்ய வேண்டியவை சில. ஓய்வூதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்துவடிவில் கேட்டுப் பெறுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓய்வூதியம் பெறும் மாற்றுத்திறனாளிகளுள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வினவுங்கள். அந்தக் கணக்கு பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தால், அதுவும் ஒரு சான்றே. சட்டத்தின் 82ஆவது பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்களை வழங்கியுள்ள மாநில ஆணையரிடம் அச்சான்றுகளுடன் முறையிடுங்கள்.

ஒன்றிய அரசிடம் நாம் வைக்கும் முதல் கோரிக்கை சலுகை அன்று. நாடாளுமன்றமே நிறைவேற்றிய விகிதத்தை, நிலுவையோடு சேர்த்துச் செலுத்த வேண்டும் என்பதே அது.