பிரசங்கபீடத்தில் வாக்குச் சேகரிப்பதா?

1992 அக்டோபர் 30. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நான்கே நாள் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பகுதியைச் சேர்ந்த ஒரு சபை, இரண்டு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. கிறிஸ்தவர்கள் பில் கிளின்டனுக்கு எப்படி வாக்களிக்க முடியும் என்று கேட்ட அந்த விளம்பரத்தின் அடியில், இதற்கு நன்கொடை அனுப்பலாம், வரிச்சலுகை உண்டு என்றும் ஒரு குறிப்பு இருந்தது.

பிரச்சினையே அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. கட்சிக்கு நன்கொடை கொடுக்கும் அமெரிக்கருக்கு வரிச்சலுகை கிடையாது. அதே பணத்தைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்தால் உண்டு. மற்ற அறக்கட்டளைகளைப்போல் சபைகள் ஆண்டுக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டியதுமில்லை. இத்தனை சலுகைக்கும் ஈடாக, செனட்டர் லிண்டன் ஜான்சன் 1954இல் கொண்டுவந்த வரிச் சட்டத் திருத்தம் கேட்டது ஒன்றுதான்: எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது. தன் அரசியல் எதிரிகளை மனத்தில் வைத்தே ஜான்சன் அதைக் கொண்டுவந்தார் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். விதி நியாயமானது. போரைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் நிறவெறியைப் பற்றியும் போதகர் பேசுவதை அது தடுக்கவில்லை. தனி மனிதராக அவர் யாரையும் ஆதரிக்கலாம். பிங்காம்டன் சபையின் வரிவிலக்கு 1995இல் ரத்தானது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அதன் பிறகு சட்டம் தூங்கியது. 2008 முதல் போதகர்கள் பலர் வேண்டுமென்றே தேர்தல் பிரசங்கம் செய்து, அதன் பதிவை வரித்துறைக்கே அனுப்பினார்கள். எவருடைய சபையும் வரிவிலக்கை இழக்கவில்லை.

இந்த விதியை எதிர்த்து டெக்சாஸ் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், 2025 ஜூலையில் வரித்துறையே இறங்கிவந்துவிட்டது. ஆராதனையை ஒட்டிச் சபை மக்களிடம் தேர்தலைப் பற்றிப் பேசுவது குடும்பத்துக்குள் பேசிக்கொள்வதைப் போன்றது, அது பிரசாரம் ஆகாது என்றது.

இந்த வாதம் தவறு. குடும்பத்தில் அப்பா சொல்லும் வேட்பாளரை மகள் சாப்பிடும்போதே மறுத்துப் பேசலாம். ஆராதனை நடுவே எழுந்து நின்று போதகரை மறுக்க யாருக்குத் துணிவு வரும்? நமக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், நம் கல்யாணத்தை நடத்திவைத்தவர், தகப்பனாரின் அடக்க ஆராதனையில் நம் தோளைத் தொட்டு ஜெபித்தவர் அவர். அவர் வாயிலிருந்து ஒரு வேட்பாளரின் பெயர் வந்தால், வேறொருவருக்கு வாக்களித்துவிட்டு வரும் எளிய விசுவாசியின் நெஞ்சு பாவம் செய்ததுபோல் உறுத்தும். துக்க வீட்டில் ஆறுதல் சொல்வதற்காக மக்கள் கொடுத்த உரிமையை வாக்குப் பெட்டிக்குப் பயன்படுத்துவது நம்பிக்கைத் துரோகம். அதிலும், பல சபைகளின் ஆராதனை இன்று இணையத்தில் நேரலையாக ஊரெங்கும் போகிறது. அதை வீட்டுப்பேச்சு என்று எப்படி ஏற்பது?

வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இல்லை என்ற தங்கள் நிலைப்பாட்டில் மாற்றமில்லை என்று அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை உடனே அறிவித்தது. மற்ற திருச்சபைகளும் அதையே பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். வரித்துறை தன் விளக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும்.