மாணவனுக்கு பூட்ஸ், தொழிலாளிக்கு?

வெள்ளம் ஒரே இரவில் வந்துவிடும். சேறு ஒரே இரவில் போகாது. யாராவது அள்ள வேண்டும். யார் அள்ளுவது?

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி சென்னையில் பேய் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. கடலில் ஓட்டும் படகுகளை மீனவர்கள் தெருவில் ஓட்டி வந்து, தவித்தவர்களை மீட்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் மாணவர்கள் வந்தார்கள். கல்லூரிக்கு விடுமுறை. வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம். தூங்கவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

முதல் நாள்

சாந்தோமில் குடியிருக்கும் ஒரு மாணவன் அப்படி முதன்முதலாகக் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டூர்புரம் தூரம் இல்லை. சில கிலோமீட்டர்தான். இவன் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வருகிறான். அங்கே அடுப்பே சேற்றுக்குள் கிடக்கிறது! நாற்றம் குடலைப் புரட்டுகிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு மண்வெட்டியை எடுக்கிறான். வாசலில் இருந்து வெட்டத் தொடங்குகிறான்.

"தம்பி, வாசல்ல ஆரம்பிக்காதே. உள் ரூம்ல இருந்து தள்ளிக்கிட்டு வா. ஈரமா இருக்கும்போதே தள்ளணும். காஞ்சா பேராது" என்கிறார், தெருவில் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளி ஒருவர்.

இது எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த பாடம்?

அடுத்து, நனைந்த காகிதக் கட்டு ஒன்றைக் குப்பையில் போடப் போகிறான். வீட்டுக்கார அம்மா பதறி ஓடி வருகிறார். "அய்யோ, அது என் பொண்ணோட சர்டிபிகேட்டு!"

மாணவனுக்கு அது குப்பை. அந்த வீட்டுக்கு அது பத்து வருடப் படிப்பு. அந்த டிசம்பரில், வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்குப் பதில் நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்தியது. எத்தனை வீட்டில் இந்தக் கதை, பாருங்கள்!

வெறும் கை

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

மாணவன் காலில் ரப்பர் பூட்ஸ். கையில் உறை. மூக்கை மூடத் துணி. எல்லாம் அவனை அழைத்து வந்தவர்கள் கொடுத்தது. அவனுக்குப் பாடம் சொன்ன அந்த அம்மாவுக்கு? வெறும் கை. தேய்ந்த செருப்பு.

சென்னையைச் சுத்தம் செய்ய அப்போது வெளி மாவட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் வெறும் கையால் அள்ளியதைப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டின.

வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு சின்னக் கீறல் போதும். எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். முற்றினால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். உயிருக்கே ஆபத்து.

"அவர்கள் பழக்கப்பட்டவர்கள். ஒன்றும் ஆகாது" என்று சொல்வோர் உண்டு. இதைவிட மோசமான பேச்சு கிடையாது. சேற்றில் பழகிய காலில் ஆணி ஏறாதா?

மாணவனுக்கு பூட்ஸ் கொடுத்தது தவறா? இல்லை. 18 வயதுப் பிள்ளையை வெறுங்காலோடு சேற்றில் இறக்கினால் பெற்றவள் சும்மா இருப்பாளா? அந்தத் தொழிலாளிக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த நாட்களில் உதவி குவிந்தது. பிஸ்கட் வந்தது. போர்வை வந்தது. பழைய துணி மலை மலையாக வந்தது. உடுத்த முடியாத துணி எல்லாம் தெருவில் கிடந்து மக்கியது. அதையும் அதே கைகள்தான் அள்ளின! அந்தத் துணிக்குப் பதிலாகக் கையுறை வந்திருக்கக் கூடாதா?

இரண்டு ஜோடி

மாணவர்கள் ஒரு காரியம் செய்யலாம். கல்லூரியில் பூட்ஸ் வாங்கும்போது, தலைக்கு இரண்டு ஜோடி கேட்கலாம். ஒன்று தனக்கு. இன்னொன்று கூட நின்று வேலை செய்பவருக்கு. 'அவர்களுக்கு எதற்கு?' என்று யாராவது கேட்டால், பூட்ஸ் வரும்வரை வேலை தொடங்க மாட்டோம் என்று வாசலிலேயே நிற்கலாம். தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவது மட்டும் வேண்டாம். அது வீரம் அல்ல, அசட்டுத்தனம்.

வீட்டுக்காரர் காத்திருப்பாரே என்றால், ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும். கடையில் கிடைக்கிற சாமான்தானே!

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். அதில் இரண்டு மணி நேரம், மழைக்கு முன்பே செலவாகட்டும். 2015-க்குப் பிறகு வெள்ளம் வராமலா இருந்தது? 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது, வேளச்சேரி பக்கம் மறுபடியும் அதே சேறுதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒரு விடியற்காலை, சாந்தோம் நெடுஞ்சாலையில் துடைப்பத்தோடு வேலை செய்பவர்களிடம் மாணவர்கள் போய் நிற்கட்டும். சேற்றை எப்படித் தள்ளுவது, பிளீச்சிங் பவுடரை எப்படிக் கரைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வரும்போது அவர்கள் ஒவ்வொருவரின் கால் அளவையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரட்டும்.